பத்துச் சுற்றுக்கு மேல் ஓடாத வண்டி

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பி.பி. 150/90. மாத்திரை போட்டாயிற்று.

டாக்டரம்மா இந்த நோட்டில் பி.பி. மட்டும்தான் எழுதச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். யார் பார்க்கப்போகிறார்கள். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. நகரியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை. மகன் முனிரத்தினம் தெலுங்குப் பள்ளிக்கூடம். பேத்தி லாவண்யா இங்கிலீஷ். வாய்க்குத்தான் தமிழ், கண்ணுக்கு இல்லை.

ஐந்தரைக்கு எழுந்து வண்டிக்குப் பழைய பொட்டைத் துடைத்துப் புதுப் பொட்டு. செவ்வாய், வெள்ளி என் வேலை இது. நாலு சக்கரம், ஸ்டீரிங், பெட்ரோல் டேங்க் மூடி. மூடிதான் எல்லாவற்றுக்கும் மேலே, தலை மாதிரி. அதற்குப் பெரிய பொட்டு. சந்தனமும் மஞ்சளும் குழைத்து, நடுவில் குங்குமம்.

வண்டி என்றால் கோ-கார்ட். கூரை கிடையாது. தரையை ஒட்டி ஒரு ஆள் உட்காரும் ரேஸ் வண்டி. லாவண்யா திருப்பதியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவளும் கூடப் படிக்கிற ஐந்து பையன்களும் முனிரத்தினத்தின் வெல்டிங் ஷெட்டில் வைத்துச் செய்தது. பழைய பைக் எஞ்சின், பழைய மொபெட் டேங்க். எஞ்சின் பொறுப்பு மொத்தமும் லாவண்யா. எங்கள் வம்சத்தில் ஸ்பானர் பிடித்த முதல் பெண். தெருவில் நான் இதைச் சொல்லாத வீடு இல்லை.

சனிக்கிழமை திருப்பதியில் ரேஸ். ஒரு மணி நேரம். ஓடி முடித்தால் அடுத்த வருஷம் அவள்தான் கேப்டன். முடிக்காவிட்டால் எஞ்சின் பக்கமே வராதே என்று இப்போதைய கேப்டன் கிரண் சொல்லிவிட்டான்.

முடிக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. மாங்கூழ் கம்பெனிக்குப் பின்னால் காலி இடத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பத்துச் சுற்று பறக்கிறது. அப்புறம் இழுவை போய், மூச்சு வாங்கி, நிற்கிறது. பெட்ரோல் இருக்கிறதா என்று ஒருத்தன் மூடியைத் திறந்து பார்க்கிறான், இருக்கிறது. எதையாவது மாற்றுகிறார்கள். மறுபடி பத்துச் சுற்று பறக்கிறது. மறுபடி நிற்கிறது.

இதுவரை மாற்றியது: பிளக். ஏர் ஃபில்டர். சைலன்சர் கழற்றி அடைப்பு எடுத்தது. வேறு பங்க் பெட்ரோல்.

பூஜை போடுவதற்கு முந்தின நாள் நன்றாகத்தான் ஓடியது. கண் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து பொட்டைக் கொஞ்சம் கனமாகத்தான் வைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

பி.பி. பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

முனிரத்தினம் போய் பாஷா மேஸ்திரியைக் கூட்டிவந்தான். முப்பது வருஷமாக பைக் பார்க்கிறவர். வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆயா, வண்டிக்குக் கல்யாணமா? இம்மாம் சந்தனம் பூசிக் கீது?"

"உன் கண்ணு படாம இருக்கத்தான்."

லாவண்யா எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

கார்புரேட்டரைக் கழற்றினார். டேங்க், மூடி, குழாய் எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். என் பொட்டெல்லாம் போயிற்று. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற ஒரு சின்ன பித்தளைக் குழல், ஜெட் என்கிறார்கள், அதை மாற்றினார்.

சாயந்திரம் ஓட்டினார்கள். பத்து தாண்டியது. இருபது. நாற்பது எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். நிற்கவே இல்லை.

"ஜெட்டுதான்மா ப்ராப்ளம்," என்றார் பாஷா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மார்ச் 12, வியாழன்

140/86. இன்றும் ஒரு மணி நேரம் ஓடியது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றவள் நான்.

கிரண் தெலுங்குப் பையன், என்னை அவ்வா என்பான், பாட்டி என்று. "அவ்வா, மீ மனவராலு சூப்பர்," என்றான். என் பேத்தி சூப்பராம். இப்பத்தான் தெரிந்ததா என்றேன்.

லாவண்யா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். கத்திரிக்காய்க் கொத்சு. கேஸ் புக் பண்ணச் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் நம்பிக்கை. பயமாகவும் இருக்கிறது, எனக்கு நம்பிக்கை வந்தால் ஆகாது.

மார்ச் 13, வெள்ளி

விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு சந்தனம் அரைத்தேன். நிறைய. இரண்டு நாள் ஓடிக் காட்டிய வண்டி, மேஸ்திரி பொட்டை வேறு அழித்துவிட்டார். அப்படியே அனுப்ப மனசில்லை. மூடிக்கு ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. காயும் வரை விசிறினேன். கல் மாதிரி பிடித்துக்கொண்டது.

எட்டு மணிக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாவண்யா ஏறும்போது சொன்னாள்.

"ஆயா, நாளைக்கு வந்துடு. தண்ணி பாட்டில் எட்த்துக்கினு வா, வெயில் கொளுத்தும்."

வராமல் இருப்பேனா.

மார்ச் 14, சனி

திருப்பதியில் மைதானத்து ஓரம், பந்தல் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். முனிரத்தினம் வண்டியை ஏற்றிப்போக டெம்போ தேடிப் போயிருக்கிறான். எல்லாம் முடிந்தது.

மூன்று தடவை நின்றால் வெளியே. அதுதான் சட்டமாம்.

பதினோராவது சுற்றில் முதல் தடவை. கிரண் ஓட்டினான். தள்ளிக்கொண்டு வந்தார்கள். லாவண்யா கார்புரேட்டரில் கை வைத்தாள், வேறொருத்தன் பெட்ரோல் பார்த்தான். கிளம்பியது. இருபத்திரண்டில் இரண்டாவது தடவை. பிளக்கை மாற்றினாள். மறுபடி ஒருத்தன் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தான். கிளம்பியது. முப்பத்தி மூன்றில் நின்றது.

கிரண் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் போட்டான். "ஏமி லாவண்யா! இதேனா நீ எஞ்சின்?" இதுதானா உன் எஞ்சின் என்று. அத்தனை பேர் முன்னால்.

இந்தத் தடவை லாவண்யாவே டேங்க் மூடியைத் திருகினாள். திறந்ததும் கை அப்படியே நின்றது. எதையோ காதால் கேட்ட மாதிரி. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பிறகு தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். என் மேல் பார்வை வந்து நின்றது. நான் கையை ஆட்டினேன். அவள் நகத்தை பேண்ட்டில் துடைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த காலேஜ் வாத்தியார் கேட்டார், என்ன கோளாறு என்று. "மூடி ஓட்டைல மண்ணு சார். நான் பாத்திருக்கணும். தப்பு என்னுது."

அடுத்த வருஷக் கேப்டன் வேறொரு பையன். அங்கேயே சொல்லிவிட்டார்கள். லாவண்யாவுக்கு இனி பெயிண்டும் ஸ்டிக்கரும்தான் வேலை.

மண் எப்படி வந்திருக்கும்? நான்தான் வெள்ளிக்கிழமை துணியால் அத்தனை சுத்தமாகத் துடைத்தேனே.

மார்ச் 15, ஞாயிறு

170/100. மருமகள் பயந்து இரண்டாவது தடவை பார்த்தாள். அதே.

தோசைக்கு உட்கார்ந்தபோது முனிரத்தினத்தைக் கேட்டேன், மூடியில் எதற்கு ஓட்டை என்று.

"பொடி ஓட்டைமா, ஊசி நுழையும் அவ்ளோதான். பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்து வரணும் இல்ல? ஓட்டை அடைஞ்சா பெட்ரோல் எறங்காது, பத்து நிமிஷத்துல வண்டி நின்னுடும். மூடியைத் தெறந்தா காத்து பூந்துடும். மறுபடி ஓடும். அதான் இத்தினி நாளா நம்மளை ஏச்சிக்கினு இருந்துச்சி."

"எங்க இருக்கு ஓட்டை?"

"நட்ட நடுவுல."

பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

எல்லோரும் உள்ளே போனதும் ஷெட்டுக்குப் போனேன். முழங்கால் வலி. மூடியைத் தொட்டுப் பார்த்தேன். நட்ட நடுவில். பாதி சுரண்டியிருந்தாள். மீதி ஓட்டைக்குள். மஞ்சள்.

புதன்கிழமை மேஸ்திரி கழுவினார், ஓடியது. வெள்ளிக்கிழமை நான்.

லாவண்யா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மண்ணா லாவண்யா?"

"மண்ணுதான் ஆயா."

"என்னைப் பாத்து சொல்லு."

"மண்ணுன்றேன் இல்ல? போய் மாத்திரை போடு."

அவள் வலது கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் இல்லை. லாவண்யா காலை பஸ்ஸில் காலேஜ் போய் மத்தியானமே திரும்பிவிட்டாள். தலைவலியாம். எதிர்வீட்டுக்காரி ரேஸ் என்னாச்சு என்று கேட்டாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

என் அறுபத்தெட்டு வயசில் தப்பு என்னுடையது என்று யாரிடமும் சொன்னது கிடையாது. புருஷனிடம் கூட. எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பழக்கத்தில் ஐந்தரைக்கே விழிப்பு. சந்தனக் கட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். கல்லோடு சேர்த்துப் பரண் மேல் போட்டாயிற்று.

பத்து மணிக்குக் கிரண் டெம்போவோடு வந்தான். வண்டி இனி காலேஜ் ஷெட்டில் நிற்குமாம், எஞ்சினை வேறு பையன் பிரிக்கப்போகிறானாம். கயிறு கட்டும்போது என்னைப் பார்த்தான்.

"ஏன் அவ்வா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. பொட்டு லேதா?" பொட்டு இல்லையா என்று.

லாவண்யா ஸ்பானர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. திரும்பவில்லை.

இதுதான் சமயம் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் அந்தப் பையனுக்குப் புரியும். போய் வாத்தியாரிடம் சொல்வான். வாயைத் திறந்தேன்.

"காப்பி குடிக்கிறியாப்பா?" என்று வந்தது.

குடித்தான். போய்விட்டான். ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை.

மண் இல்லை. சந்தனம். வைத்தது நான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதிவிட்டேன்.

இப்போது லாவண்யா பின்னால் வந்து நின்று தோள்மேல் கையைப் போட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. பக்கம் முழுக்க விரலை ஓட்டினாள்.

"இன்னா ஆயா, இவ்ளோ எழுதிக்கினு கீற, பி.பி. நம்பர் எங்க?"

இனிமேல்தான் பார்க்கணும் என்றேன்.