முப்பத்தெட்டாம் கம்பம்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு நாய்களும் நன்றாக இருக்கிறோம். அங்கே அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் பனி விழுவதற்கு முன்னால் விறகெல்லாம் அடுக்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. நன்றாக இருக்கிறோம் என்று எழுதியிருப்பதை இந்தத் தடவை நீ தாராளமாக நம்பலாம், சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதிலேயே இருக்கிறது. டாலஸிலிருந்து ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை அப்பா தோணியில் கூட்டிப் போய் வழி தவறி நீர்க்களைக்குள்ளே மாட்டிக்கொண்டதையும், தூண்டில் கடை ட்ரூடியின் வீட்டுக்காரர் மோட்டார் படகில் போய் எல்லாரையும் இழுத்து வந்ததையும் நான் சொல்வதற்கு முன்னாலேயே ட்ரூடி உனக்குச் சொல்லிவிட்டாள். அவள் வாயில் எதுதான் தங்கும். பெரியப்பா ராய்ஸுக்கு வந்த அதே மறதிதான் அப்பாவுக்கும் வந்துவிட்டது, இனி ஆட்களைக் கூட்டிப் போக விடாதே, படகுகளை விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த ஏரியை விட்டு அந்த மனிதரைக் கிளப்பினால் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்து நினைத்து நானும் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகு எனக்கு வேறொரு யோசனை வந்தது. உனக்குத்தான் தெரியுமே, எதிலும் மூக்கை நுழைக்காமல் என்னால் இருக்க முடியாது. தண்ணீருக்குள் எண் பலகைக் கம்பம் நட்டு வழி காட்டுகிற காடோ ஏரியின் படகுச் சாலை ஒவ்வொன்றும் அப்பாவுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி, அவர் எப்படி வழி தவறினார்? முதலில் களை மேல் சந்தேகப்பட்டேன். நீ இருந்தபோது அது ஓரத்தில் கொஞ்சம்தான், இப்போது காற்றடிக்கிற பக்கமெல்லாம் ஒதுங்கி, நேற்று திறந்திருந்த பாதையின் வாயை இன்று அடைத்துவிடுகிறது. ட்ரூடியின் மோட்டார் படகில் நானும் அவளும் போய்ப் பார்த்தோம். அப்பா எப்போதும் நுழைகிற வாய் அடைத்துத்தான் கிடந்தது, பச்சைப் பாய் விரித்த மாதிரி. ஆனால் அதைத் தாண்டிப் போனால் முப்பத்தெட்டாம் கம்பத்தில் வேறொரு பாதை பிரிகிறது, அது சுத்தமாகத் திறந்திருந்தது, பலகையில் எண்ணும் பளிச்சென்று இருந்தது. யாராவது விஷமத்துக்குப் பலகையை மாற்றியிருப்பார்களோ என்று கம்பம் கம்பமாகப் பார்த்தேன், எல்லாம் அதனதன் இடத்தில்தான். திரும்பி வரும்போது ட்ரூடி, “வெர்னாக்கா, கம்பம் மாறல, களையும் அந்த வழிய மறிக்கல, அப்புறம் யாரு பாக்கி?” என்று கேட்டாள்.

இதில் இன்னொரு கூத்து உனக்குத் தெரியாது. ஈஸ்டர் முடிந்ததிலிருந்து உன் அப்பா என்னையும் தோணியில் கூப்பிட ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக, வீட்டில் வேலை இல்லையா உனக்கு என்று கேட்ட மனிதர், ஆட்களைக் கூட்டிப் போனாலும் சரி, சும்மா போனாலும் சரி, “வா வெர்னா, முன்னாடி உக்காரு” என்று கூப்பிட்டார். போகிற வழியில் கம்பம் வந்தால், “புதுக் கண்ணாடிக்கு அவ்வளவு காசு குடுத்தியே, என்ன நம்பர்னு படி பாப்போம்” என்று சீண்டுவார். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வேன். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, வயசான காலத்தில் மனுஷனுக்கு என் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். புதுத் தொப்பி வாங்கினேன், உதட்டுச் சாயம்கூடப் பூசிக்கொண்டு போனேன். ட்ரூடி பார்த்துவிட்டு, “என்னக்கா, நாப்பது வருஷம் கழிச்சு தேனிலவா?” என்று கடை வாசலில் நின்று கத்தினாள், அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமும் வந்தது, சந்தோஷமும் வந்தது, அதை உன்னிடம் மறைப்பானேன். வழி தவறிய அன்று தேவாலய விருந்துக்கு மீன் பொரிக்கிற முறை எனக்கு. கெளுத்தி மீனுக்குச் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தேன், அதனால் கூடப் போகவில்லை. நான் போகாத நாளில்தான் இப்படி ஆயிற்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை பார்.

பிறகு ஒரு நாள் கரைப் பாதையைப் பார்த்து வரலாம் என்று நடக்கக் கிளம்பினோம். படகுத்துறையிலிருந்து பைன் மரமேட்டில் ஏறி, பழைய ரயில் பாதை வழியாக வீட்டுக்குத் திரும்புகிற அதே நடைதான், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது முட்டியைப் பெயர்த்துக்கொண்டாயே, அங்கே. அந்த வழியில் காலை வாருகிற வேர்கள் எத்தனை, ஒவ்வொன்றையும் உன் அப்பா காலைத் தூக்கித் தூக்கி அழகாகத் தாண்டினார். ஆனால் அதற்கு முந்தின வாரப் புயலில் புதிதாக ஒரு கிளை விழுந்து குறுக்கே கிடந்தது, தொடை கனம் இருக்கும், வெட்ட வெளிச்சத்தில் அதில் போய்த் தட்டி விழுந்தார். உள்ளங்கை தேய்ந்துவிட்டது. மறந்து போகிறவனுக்குப் பழைய வேரெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று என் மண்டைக்குள் ஒரு வண்டு குடைய ஆரம்பித்தது. வீடு வந்து சேரும்வரை அது நிற்கவில்லை.

அதற்கு மறுநாள் ஒரு வேலை செய்தேன். நீ திட்டினாலும் பரவாயில்லை. தோணியில் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னால் துடுப்புப் போட்டார். சைப்ரஸ் மரமெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது, எதிர் வெயில், தண்ணீர் கண்ணைப் பறித்தது. முப்பத்தெட்டாம் கம்பம் வந்தது. கையை நீட்டினால் தொடலாம், எண் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். “என்ன நம்பர்?” என்று கேட்டார். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, முப்பத்திமூன்று என்று பொய் சொன்னேன். உடனே துடுப்பை நிறுத்திவிட்டார். “முப்பத்திமூணு இங்க எப்படி வரும்? அது இடி விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு. ஒழுங்காப் பாரு” என்றார். நான் திரும்பி, “பலகை உங்க மூக்குக்கு நேராத்தான் இருக்கு, நீங்களே பாருங்களேன்” என்றேன். அவர் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அப்புறம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, “தெரியலடி” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குளிர்காலத்திலிருந்தே எல்லாம் மூட்டமாக இருக்கிறதாம். ராய்ஸுக்கு வியாதி ஆரம்பித்தபோது அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னாராம், “தம்பி, எல்லாம் மூட்டமா இருக்குடா” என்று. பாவம் ராய்ஸ் சொன்னது புத்தியை, இவருக்கு மூட்டம் கண்ணில், வார்த்தை ஒன்றாக இருந்ததால் தனக்கும் அதே வியாதி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போனால் அவர் வாயால் கேட்க வேண்டுமே என்று பயந்து, மாதக்கணக்காக யாரிடமும் மூச்சு விடாமல் என்னை முன்னால் உட்கார வைத்துச் சமாளித்திருக்கிறார். நான் இல்லாத அன்று பழகிய வாய் அடைத்துக் கிடக்க, கம்பத்து எண் தெரியாமல் அடுத்த பாதையைத் தவறவிட்டிருக்கிறார். அடப்பாவி மனுஷா என்று அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், தோணி கவிழப் பார்த்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது பார். அப்படியானால் இத்தனை நாள் என்னைக் கூப்பிட்டது என் கண்ணுக்குத்தானா, எனக்காக இல்லையா என்று கேட்டேன். அவர் துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து ஊர் மார்ஷலில் கண் டாக்டரிடம் போனோம், இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டது என்றார். உனக்காக மறதிச் சோதனையும் செய்யச் சொன்னேன், வேறொரு டாக்டர் ஏதேதோ கேட்டார், படம் வரையச் சொன்னார், உன் அப்பா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, “அந்தக் கேள்வியெல்லாம் எம் பொண்டாட்டிகிட்டயும் கேளுங்க, அவதான் அடுப்பை அணைக்க மறக்குறா” என்றாராம். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது, இடது கண்ணுக்கு அடுத்த மாதம். அதனால் நீ படகு விற்கிற பேச்சை விட்டுவிடு கண்ணே. அலாஸ்காவுக்கு விருந்தாளியாக வருகிறோம், குடியேற வரவில்லை.

இனித் தண்ணீரில் போகலாம் என்று டாக்டர் சொல்லி இன்றுதான் முதல் நாள். விடிந்ததும் எனக்கு ஒரே ஆவல். கண் வந்துவிட்டதே, இனி என்னைக் கூப்பிடுவாரா மாட்டாரா பார்க்கலாம் என்று வேண்டுமென்றே அடுப்படியில் நின்றேன், கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி இருக்கலாம் என்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை. படகுத்துறைக்குப் போய் ஒற்றையாள் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். இந்தக் கடிதத்தை ஆரம்பித்ததே அந்த வயிற்றெரிச்சலில்தான். பாதி எழுதும்போது வந்து வாசலில் நின்றார், கால்சட்டை முட்டிவரை ஈரம். அன்று மாட்டிக்கொண்ட இடத்துக்கே தன்னந்தனியாகப் போயிருக்கிறார், டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை, தானே போய்ப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று. “போற வழியில எல்லாக் கம்பத்தையும் படிச்சேன் வெர்னா, ஒண்ணு விடல” என்றார். நல்லது என்றேன், தலையைத் தூக்காமல். கால்சட்டை ஈரத்தைப் பிழிந்தார். பிறகு, “படிச்சு யார்கிட்டச் சொல்றது? நல்லாவே இல்ல. தொப்பிய எடுத்துக்கிட்டு வா” என்றார்.

கடிதம் முடித்துவிட்டுத்தான் வருவேன், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் போகிற தோணியைத் தண்ணீரில் இறக்கி, பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலில் தெரிகிறது. இத்தனை மாதம் என்னை ஏமாற்றியதற்கு இன்னும் கொஞ்சம் உட்காரட்டும். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், கர்த்தர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நீயும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, அப்பா வழியில் உனக்கும் வரலாம், தள்ளிப்போடாதே. ட்ரூடியிடம் இதில் எதையும் சொல்லிவிடாதே, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு நான் கடை வழியாகத்தான் போகப் போகிறேன், பார்த்துக்கொள்ளட்டும்.

துடுப்பால் தோணியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். போகிறேன்.

உன் அம்மா,
வெர்னா