ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு

ஹார்லோ கிராண்ட், நியூ ஹாம்ப்ஷயர்
மார்ச் 15

அன்புள்ள தெல்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சியாட்டிலில் மழை நின்றதா, குழந்தைக்கு இருமல் விட்டதா? இங்கே பனி பாதி உருகித் தெரு முழுக்கச் சேறு. அப்பாவின் முட்டி வலி பரவாயில்லை. தொலைபேசியில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. எங்கள் இணைப்பு நான்கு வீடுகளுக்குப் பொது. மற்ற மூன்று வீட்டாரும் யார் யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதை மூச்சை வைத்தே என்னால் சொல்ல முடியும். இதை அவர்கள் கேட்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை முதல்நிலைத் தேர்தல் நடந்தது. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக ஜெனரல் நிற்பதா, செனட்டர் நிற்பதா என்று மாநிலம் தன் விருப்பத்தைச் சொல்லும் நாள். நம் ஊரில் பதிவான வாக்குகள் ஐம்பத்தெட்டு. ஜெனரலுக்கு விழுந்தவை ஐம்பத்தெட்டு. போன தடவையும் அதற்கு முந்திய தடவையும் இப்படித்தான். வேட்பாளர்கள் மாறினார்கள், விகிதம் மாறவில்லை. மிஸ்டர் பாஸ்கம் யாரை விரும்புகிறாரோ அவரை ஊரும் விரும்பும். மர மில் அவருடையது. நாங்கள் குடியிருக்கும் வீடு மில்லுடையது. ஊரில் கட்சித் தலைவர் அவர், வாக்கெண்ணிக்கையை நடத்துபவரும் அவர். போன இலையுதிர் காலத்தில் ஒரு பேராசிரியர் வந்து நம் ஊர் வாக்களிக்கும் விதத்தை ஆராய்ந்தார். மூன்று நாள் பாஸ்கம் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, மலைநாட்டாரின் வளையாத சுதந்திரச் சிந்தனையே காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு மில் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வழக்கம்போல வாக்கெண்ண ஆறு பேர் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தோம். மூன்று மேஜை, மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் சீட்டைப் பிரித்துப் பெயரைப் படிப்பார், மற்றவர் கோடு போடுவார். பாதியில் இடம் மாறிக்கொள்வோம். கோடு போடுகிறவர் எட்டிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரியைப் பொய்க்காரி என்று சொன்ன மாதிரி. எனக்கு ஜோடி ஹெஸ்டர் க்விம்பி. முதலில் நான் படித்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ சீட்டைப் பிரித்தேன். அச்சிட்ட பெயர்களில் எதற்கும் குறி இல்லை. கீழே காலியாக விட்டிருக்கும் கோட்டில், பக்கத்து மாநில கவர்னரின் பெயர் பென்சிலால் எழுதியிருந்தது. பின்பக்கம் வரை தடம் விழும் அழுத்தம், பின்னால் சாய்ந்த பெரிய எழுத்துகள். முப்பத்தோரு வருஷமாக அறுபடும் மரங்களின் வெட்டுமுகத்தில் அளவை எழுதுகிற கை அது. உன் அப்பாவின் கை. மிஸ்டர் பாஸ்கம் தினமும் சாயங்காலம் அளவுப் பட்டியலில் பார்க்கும் கையும் அதுதான்.

பாஸ்கம் மூன்று அடி தள்ளி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். "என்ன லோர்னா, சீட்டு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டார். நான் சீட்டை மடித்தேன். ஜெனரலின் பெயரைப் படித்தேன். ஹெஸ்டர் தலையைத் தூக்காமல் கோடு போட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மூச்சு நேரம். அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் யாருக்குப் போட்டேன் என்று என்னிடம் சொல்லவில்லை. ரகசிய வாக்கு எங்கள் வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்று காலை வானொலியில் சொன்னார்கள். மாநிலம் முழுவதிலும் ஜெனரல் இருநூற்றுச் சொச்சம் வாக்கில்தான் வென்றிருக்கிறாராம். செனட்டர் ஆட்கள் மறு எண்ணிக்கை கேட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பெட்டியும் முத்திரையோடு மாநிலத் தலைநகர் கான்கார்டுக்குப் போகிறது. அங்கே ஒவ்வொரு சீட்டையும் இரு தரப்பும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார்கள். ஜெனரல் தரப்பில் பார்ப்பதற்கு மிஸ்டர் பாஸ்கமே போகிறார். மத்தியானம் நம் வாசலில் காரை நிறுத்தி, "நீயும் வா லோர்னா. எண்ணின ஆறு பேர்ல கார்ல ஏறினா வாந்தியெடுக்காத ஒரே ஆள் நீதான்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

மாற்றிப் படித்ததற்குச் சிறை உண்டு என்று சத்தியம் செய்யும்போதே வாசித்துக் காட்டினார்கள். அது ஒரு பக்கம். பாஸ்கம் அந்த எழுத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு வேலையும் இல்லை, எங்களுக்கு வீடும் இல்லை. ஐம்பத்தொன்பது வயதில் வேறு எந்த மில் எடுக்கும்? வாசலில் கார் சத்தம் கேட்டால் கை தானாக ஏப்ரனைப் பிடித்துக்கொள்கிறது. அப்பா மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். அதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

எங்களுக்காகப் பிரார்த்தனை செய். காரணத்தைக் கடவுளிடம்கூடச் சொல்லாதே.

அம்மா


மார்ச் 24

அன்புள்ள தெல்மாவுக்கு,

உன் தந்தி கிடைத்தது. "வரவா" என்று ஒரே வார்த்தை. இப்போது வராதே. நடந்ததைக் கேள்.

கான்கார்டில் நீளமான மேஜை. ஒரு பக்கம் நானும் பாஸ்கமும், எதிரே செனட்டரின் வக்கீல். நடுவில் மாநில அதிகாரி முத்திரையை உடைத்தார். முதல் ஐந்து சீட்டும் ஜெனரலுக்கு. ஆறாவது செனட்டருக்கு. அச்சிட்ட பெயருக்கு நேரே கொட்டையான பெருக்கல் குறி.

அது அப்பாவுடையது இல்லை. எனக்குப் புரியவில்லை. அதிகாரி அடுத்ததை எடுத்தார். பிறகு இன்னொன்று செனட்டருக்கு. பிறகு ஒருவர் மில்லின் வண்டிக்குதிரையின் பெயரை எழுதியிருந்தார். வக்கீல் அதைப் பார்த்து, "இவர் எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஜெனரலுக்கு நாற்பத்தேழு. மற்றவர்களுக்குப் பதினொன்று.

பதினொன்று, தெல்மா. மூன்று மேஜையிலும் ஆறு பேரும் என்னைப் போலவே செய்திருக்கிறோம். இரண்டாம் பாதியில் ஹெஸ்டர் படித்தபோது அவள் ஒருமுறை இருமிவிட்டு ஜெனரல் என்றாள். நானும் தலையைத் தூக்காமல் கோடு போட்டேன். அவள் யாரைக் காப்பாற்றினாள் என்று தெரியாது. எத்தனை தேர்தலாக இப்படி என்பதும் தெரியாது. நம் ஊரின் சுதந்திரச் சிந்தனை ஆறு பேரின் தொண்டையில் இருந்திருக்கிறது.

அப்பாவின் சீட்டு முப்பதுக்கு மேல் வந்தது. பாஸ்கம் அதை அதிகாரியின் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். தொடக் கூடாது என்றார்கள். குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பி வர அறுபது மைல். முக்கால் தூரம் வந்திருந்தோம். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "நான் என்ன அவ்வளவு கெட்டவனா, லோர்னா?" என்று கேட்டார். நான் எண்ணும் மேஜையில் செய்ததையே மறுபடி செய்தேன். "இல்லீங்க மிஸ்டர் பாஸ்கம்" என்றேன்.

அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. நடக்காததுதான் தாங்கவில்லை. அளவுப் பட்டியலில் இப்போது அவர் தினமும் அதிக நேரம் எடுத்துக் கையெழுத்துப் போடுகிறாராம். மில்லில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பத்தேழில் தானும் ஒருவன் என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் நேற்றுவரை ஐம்பத்து மூன்று பேர். கட்டுரையை அலுவலகச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மாநில வக்கீல் அலுவலகத்திலிருந்து எங்கள் ஆறு பேருக்கும் விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்து, ஏன் தப்பாக எண்ணினீர்கள் என்று சத்தியத்தின் பேரில் சொல்ல வேண்டும். ஹெஸ்டர் முந்தாநாள் வந்து, "கண்ணாடி மாத்தணும், எழுத்து சரியாத் தெரியலன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம்டி" என்றாள். ஆறு பேருக்கும் ஒரே நாளில், ஒரே திசையில் பார்வை கெட்டதாகச் சொல்ல வேண்டும். பயந்தேன் என்று சொன்னால், யாருக்கு என்று கேட்பார்கள். பாஸ்கம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஓலை வந்த பிறகு மறைக்க வழியில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றேன், வீடு போகும் என்றேன், நான் சிறைக்குப் போனாலும் போவேன் என்றேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதில் எதையும் அவர் கேட்கவில்லை. "அப்போ என் ஓட்டை ஜெனரலுக்கா போட்டே?" என்றார்.

உங்களைக் காப்பாற்றத்தான் என்றேன்.

"முப்பத்தோரு வருஷமா அவர் சொன்ன பேருக்குத்தான் போட்டேன் லோர்னா. இந்த ஒரு தடவைதான் எனக்குத் தோணினதை எழுதினேன். எனக்கும் பயம்தான். கை நடுங்கக் கூடாதுன்னுதான் அவ்வளவு அழுத்தி எழுதினேன். அதை நீ படிக்கக்கூட இல்லையே."

இன்னொரு பூட்ஸைக் கழற்றாமலே எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நான்கு நாளாகிறது. உப்பை எடு, கதவைச் சாத்து என்பதோடு பேச்சு நிற்கிறது. சீட்டியும் நின்றுவிட்டது. சிறையைவிட, வீட்டைவிட இது எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

ஒன்பதாம் தேதி நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்லும் தைரியம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள். வந்துவிட்டால் நாங்கள் எங்கே போவது என்பதற்கும் சேர்த்து வேண்டிக்கொள். உங்கள் வீட்டில் இரண்டு அறைதான் என்பது எனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேள். அவர் பதில் எழுதுவார். அந்தப் பெயரை உன் வீட்டுக்காரருக்கும் குழந்தைக்கும் கேட்கும்படி உரக்கப் படி. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படி, கண்ணே.

உங்கள் மூவரையும் ஆண்டவர் பயமில்லாமல் வைத்திருக்கட்டும்.

அம்மா