அத்தா இல்லாத நிக்காஹ்

பொனொரோகோ,
திங்கட்கிழமை

என் மகள் வின்டார்த்திக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் உன் அத்தாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. ஹாங்காங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். நீ போன் நம்பரை மாற்றி இருபத்தாறு நாளாகிறது, அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற ருமினாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். வியாழக்கிழமை சந்தையில் உன்னைப் பிடித்துக் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் முக்காடு சரியில்லை என்று நீ அவளோடு பேசுவதில்லையாமே, அதற்காகக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் ஆள் அத்தாவுக்குப் போன் செய்தான். அபூ என்று தொடங்கி ஏதோ பெயர் சொன்னான், பெற்றவள் வைத்த பெயர் மாதிரி இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு போனிலேயே உன்னை நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறானாம். அத்தா பதறிப்போய், "தம்பி, பொண்ணப் பெத்தவன் நான், வலிகாரரா நின்னு கட்டிக் குடுக்க வேண்டியவன். என்னைக் கேக்க வேணாமா?" என்றார். "கிறிஸ்துமஸுக்குச் சர்ச் வாசல்ல காவல் நிக்கிற ஆளு முஸ்லிம் பொண்ணுக்கு எப்படி வலிகாரரா நிக்க முடியும்? எங்க உஸ்தாத் நிப்பாரு. உங்களுக்குத் தகவல்தான் சொல்றேன்" என்றான். நான் போனைப் பிடுங்கி, "கட்டிக்கிட்டு எங்க வச்சுக் குடும்பம் நடத்துவ, சோத்துக்கு என்ன தொழில்?" என்று கேட்டேன். "அவங்க வீடு சொர்க்கத்துல இருக்கும்மா" என்றான். என்ன கேட்பதென்று தெரியாமல், "அவளுக்கு எறால் ஒத்துக்காது, தெரியுமாடா உனக்கு?" என்று கத்தினேன். வைத்துவிட்டான். பெண் கேட்கிறவன் பானை, பாய், அரிசி எதையும் பேசாமல் செத்த பிறகு போகும் வீட்டைப் பேசினால் அவனுக்கு வேண்டியது பெண்டாட்டி இல்லை மகளே. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் பையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், அதற்குத்தானோ உன்னைக் கேட்கிறான் என்று நினைத்து நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சர்ச் விஷயம் உனக்குத் தெரியாததா. பெருநாளைக்கு நாம் மைதானத்தில் தொழும்போது நம் செருப்பையும் வண்டியையும் பார்த்துக்கொள்வது அந்தச் சர்ச்சுக்குப் போகிற யோஹானா அக்காவின் மகன்கள்தானே. "அண்ணே, எங்காளுங்க செருப்பு நல்லாருக்குன்னுதானே வருஷா வருஷம் காவலுக்கு வர்றீங்க?" என்று அக்கா கிண்டல் செய்ய, அத்தா சிரிக்க, நீயும் பக்கத்தில் நின்று சிரித்தவள்தான்.

நீ போனில் பேசுவதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பேன், தெரியும்தானே. இன்று காலை முழுக்க அதைப் புரட்டினேன். முதலில் பாட்டு ஹராம் என்றாய், சரி என்றேன். அடுத்து இறந்தவர்களுக்கு யாசீன் ஓதுவது தப்பு, பிறகு நம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வழிகெட்டவர், பிறகு ருமினா, இப்போது அத்தா. ஒவ்வொரு தடவையும் உன்னைச் சுற்றி ஓர் ஆள் குறைந்திருக்கிறார், நானோ மகள் மார்க்கம் பேசுகிறாள் என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் உன் பழைய புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவளுக்கு அவ்வளவுதான் புரிந்தது. அதற்கெல்லாம் முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது, நீ போன முதல் வருஷம், நோன்பு பதினொன்று. எஜமானி பன்றிக்கறி சமைக்க வைத்தாள், உன் தொழுகை உடையைக் குப்பையில் போட்டாள் என்று அழுதாய். "அம்மா, இந்தக் கையால துஆ கேட்டா அவன் ஏத்துக்குவானா?" என்று கேட்டாய். "பொறுத்துக்கோ புள்ள, இன்னும் ரெண்டு வருஷம்தானே, வீட்டுக் கூரைய மாத்திரலாம்" என்று நான் சொன்னது அப்படியே எழுதியிருக்கிறது. நான் காதில் வாங்காத கேள்வியை பிறகு நீ மார்க்கம் படிக்கச் சேர்ந்த அந்த போன் குழுவில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவ ஒரு வழி இருக்கிறது என்று சொன்னார்களா?

மூன்று வருஷம் கழித்து இன்றுதான் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "பொழைக்கப் போன எடத்துல கட்டாயத்துக்குச் செஞ்சத அல்லாஹ் அந்தப் புள்ள மேல எழுத மாட்டான். கையக் கழுவிட்டுத் தொழச் சொல்லும்மா. இத்தன நாளா ஏன் கேக்கல?" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குற்றம் என் மேல்தான், உன் மேல் ஒன்றுமில்லை.

கல்யாணமே வேண்டாம் என்று அத்தா சொல்லவில்லை. ஊருக்கு வரட்டும், யாரைக் காட்டினாலும் அவன் முகத்தைப் பார்த்துக் கைப்பிடித்துக் கட்டித் தருகிறேன் என்கிறார். நீ அவரைக் காஃபிர் என்று நினைத்தாலும், உன் பெயரைச் சொல்லாமல் அவர் துஆவை முடிப்பதில்லை. அல்லாஹ் உன்னை அவன் காவலில் வைக்கட்டும், நேர்வழியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

ருமினாவின் போனிலிருந்து கூப்பிடு, ஒரு வார்த்தை போதும். வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை வரை பார்ப்பேன். உன் குரல் வராவிட்டால், அத்தா தடுத்தாலும் அந்த ஆளின் நம்பரை எடுத்துக்கொண்டு நானே போலீஸுக்குப் போவேன். அதற்காக நீ என்னை ஆயுசுக்கும் மன்னிக்க வேண்டாம், உயிரோடு இருந்து மன்னிக்காமல் இரு.

உன் அம்மா,
சுமார்மி