கவிஷனுக்குக் கொடுத்த பால்

ஜூன் 3

எடை பார்க்கும் நாள். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகும் எங்கள் பிள்ளைக்காம்பராவில் பதினேழு பிள்ளைகள். பதினாறு பேர் ஒழுங்காக ஏறியிருக்கிறார்கள். கவிஷன் மட்டும் எட்டு கிலோ நூறு. வயது இரண்டு முடிந்துவிட்டது. எடை வரைபடத்தில் சிவப்புக்குள் கிடக்கிறான்.

ஏழாம் மாதத்தில் பிறந்தவன். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவன். அவனுக்குத்தான் பால் அவசியம். அவன் அம்மா நிஷாந்தினியோ, கொழுந்து பறிக்கப் போகுமுன் தினமும் அதே பல்லவி: "பால் மட்டும் குடுத்துராதீங்க டீச்சர். மேலெல்லாம் தடிச்சிருது."

கடிதம் கேட்டேன். "டாக்டர் வாயாலதான் சொன்னாரு." வாயால் சொன்னதை நான் எந்தக் கோப்பில் போடுவது? பால் ஒத்துக்கொள்ளாதாம். லயத்து வரிசையில் பாதி வீட்டில் பாலில்லாத பிளேன்டீதான். இவள் வீட்டுக்கு மட்டும் பணக்கார வியாதி.

ஜூன் 10

இருபதாம் திகதி மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். போன வருஷம் சிறந்த பிள்ளைக்காம்பராவுக்கான கேடயம் மேல் டிவிஷனுக்குப் போனது. காரணம் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதுவும் இவன்தான். ஏ.எல். படித்துவிட்டு, ஆசிரியர் நேர்முகத்துக்கு மூன்று தடவை போய் வெறுங்கையோடு வந்தவள் நான். பதினொரு வருஷமாகப் பிறத்தியார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிறேன். ஒரு கேடயத்துக்குக்கூடவா எனக்கு யோகமில்லை?

ஜூன் 12

அவனுடைய கஞ்சியில் ஒரு கரண்டி பால்மா கலந்தேன். கன்னத்தைக் கொஞ்சம் சொறிந்தான், அவ்வளவுதான். குளிராக இருக்கும். நான் நினைத்தது சரி.

ஜூன் 14

பிழைத்துவிட்டான். முதலில் அதை எழுதிவைக்கிறேன்.

இன்று அரைக் கோப்பை பால் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தான். கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகி, வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு — விசிலடித்த மாதிரி. உதடு நீலம். நான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, பஸீலின் ஆட்டோ தெமோதரைப் பக்கம் போக வந்தது. நிஷாந்தினி மலையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள், முதுகில் கூடையோடு.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு வந்தது. டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டான்? பால் ஏதாவது?"

இல்லை என்றேன். சோறும் பருப்பும் என்றேன். அவள் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வேன்?

அப்படியானால் பருப்பாக இருக்கலாம், சோதனை முடியும்வரை பருப்பு வகை எதுவும் வேண்டாம் என்றார். சோதனைக்குத் திகதி செப்டம்பரில்.

ஜூன் 15

நிஷாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க தூக்கிட்டு ஓடலன்னா எம்புள்ள இல்ல டீச்சர்." நானும் கண்ணைத் துடைத்தேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

என்னோடு வேலை செய்யும் பாக்கியலெட்சுமி அக்கா பால் கோப்பையைப் பார்த்தவள். "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர். எனக்கும் இத விட்டா வேற வேல இல்ல" என்றாள்.

ஜூன் 20

வந்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றியதற்காக எல்லார் முன்னாலும் பாராட்டினார்கள். கேடயம் எங்களுக்கு.

ஜூலை 4

கவிஷன் ஏழு கிலோ எண்ணூறு. அவனுடைய டப்பாவில் சோறும் பூசணிக்காயும். முன்பு தினமும் பருப்பு இருக்கும். அவன் விரும்பித் தின்றது அது ஒன்றைத்தான்.

அவன் அப்பா விஜேந்திரன் கொழும்பில் கடையில் நிற்கிறான். போனில், "நீதானே பருப்பக் குடுத்துப் புள்ளயக் கொல்லப் பாத்த" என்கிறானாம். அவள் அதைச் சொல்லிவிட்டு என்னிடமே கேட்கிறாள், "நான் என்ன டீச்சர் தப்புப் பண்ணினேன்?"

ஒரு தப்பும் இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

ஆகஸ்ட் 2

ஏழு கிலோ நானூறு. மற்றப் பிள்ளைகள் ஓடும்போது இவன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். கை என் விரல் பருமன்தான் இருக்கிறது.

என்னையே கேட்கிறேன்: சொல்லித் தொலையேன்டி. எதுக்குடி பயப்படுற? வேலைக்கா, கேடயத்துக்கா? ஊர் சிரிக்கும்னா? புள்ள செத்துப்போனா ஊர் என்ன பாடும்?

ஆகஸ்ட் 5

டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். பன்னிரண்டாம் திகதி ஒரு கரண்டி, பதினான்காம் திகதி அரைக் கோப்பை, கொடுத்தது நான். கீழே கையெழுத்து. ஒரு பிரதி தோட்ட ஆபீசுக்கு. டாக்டருக்கானதை ஒட்டாமல் நிஷாந்தினி கையில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசமா நான் பருப்பே ஆக்கல" என்றாள். "வாசம் புடிச்சா அழுவான்னு."

கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9

பாக்கியலெட்சுமி அக்கா சொன்னாள்: டாக்டர் பருப்பு கொடுக்கலாம் என்றாராம். பால் கூடவே கூடாது என்று இந்த முறை எழுதியே கொடுத்திருக்கிறார். எனக்கு இருபதாம் திகதி விசாரணை. அதுவரை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பதிலுக்கு ஆள் இல்லையாம்.

ஆகஸ்ட் 12

இன்று கவிஷனைக் கொண்டுவந்தாள். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை. இனியும் போகாமல் என்ன செய்வாள்? பிள்ளையை விட்டுவிட்டுப் போக இந்தத் தோட்டத்தில் வேறு இடம் எது?

நான் வழக்கம்போல் கையை நீட்டிவிட்டேன். அவள் கொடுக்கவில்லை. பாக்கியலெட்சுமி அக்கா இன்னும் வந்திருக்கவும் இல்லை. அவனைத் தரையில் இறக்கிவிட்டு, டப்பாவைப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் நேராக என்னிடம்தான் நடந்து வந்தான். என் சேலையைப் பிடித்துக்கொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தினான். நான் அவளைப் பார்த்தேன். பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகியும் அவள் வாசலைவிட்டு நகரவில்லை.