கழுகின் பங்கு

லாஸ் பால்மித்தாஸ்
1958 பிப்ரவரி 9

அன்புள்ள எவாரிஸ்தோ அண்ணனுக்கு,

இங்கே நலம். பருத்தி ஆலைத் தூசியில் உன் இருமல் எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. மழை இல்லாததால் பாதி செத்தே பிறக்கின்றன. அம்மா செய்தபடியே செத்த குட்டிகளை மலையடித் தட்டைப் பாறையில் வைத்து வருகிறேன், கழுகின் பங்காக. பாறையில் ஒரு எலும்புகூட மிஞ்சுவதில்லை. அப்படியும் கழுகு பட்டிக்கு வந்து உயிருள்ள குட்டிகளைத் தூக்குகிறது. இத்தனை வருஷத்தில் இப்படிச் செய்ததே இல்லை. முயலெல்லாம் நோயில் ஒழிந்துவிட்டன. பாம்பும் ஓணானும் வெளியே வர வெயில் ஏற வேண்டும். தரையணில் வளையை விட்டு வருவது மழைக்குப் பிறகுதான். அதுவரை அதன் வயிற்றுக்கு நம் பட்டிதான் போலிருக்கிறது.

அப்பா இன்னும் மலையடியில், கள்ளிச்செடியில் மெழுகு காய்ச்சுகிறவர்கள் விட்டுப்போன குடிசையில்தான் இருக்கிறார். உனக்குத் தெரியாமல் ரொட்டி கொண்டுபோனேன். திட்டாதே. அவரும் வாங்கவில்லை. "உங்கண்ணன் சம்பாத்தியம் என் தொண்டையில எறங்காது. நான் நல்லாத்தான் இருக்கேன், போடி கழுத" என்று சிரித்தார். குடியை விட்டுவிட்டார் அண்ணா. வீட்டுக்குக் கூப்பிடட்டுமா? நீ சரி என்றால் வந்துவிடுவார்.

அன்புத் தங்கை
நிக்காசியா


டெலிசியாஸ்
பிப்ரவரி 20

அன்புள்ள நிக்காசியாவுக்கு,

இருமல் தேவலை. கழுகு ருசி கண்டுவிட்டது. பங்கு கொடுத்துக் கொடுத்து நாமே கெடுத்தோம். லாரிக்காரரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். நரிக்கு வைக்கிற எட்டி விஷம். செத்த குட்டியின் வயிற்றைக் கீறி, உள்ளே வைத்துத் தைத்துப் பாறையில் போடு. நாயைக் கட்டிவை. கையை நன்றாகக் கழுவு.

அம்மாவின் வைத்தியத்துக்கென்று வைத்திருந்த கிடாயை விற்றுக் குடித்து, அவளைச் சாகவிட்டவர் உன் அப்பா. அவர் உயிரோடு நம் வாசற்படி ஏறக்கூடாது. ஏற்றினால் நான் அனுப்பும் பணம் நின்றுவிடும். எனக்குக் கல்நெஞ்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

உன் நன்மையே நாடும்
எவாரிஸ்தோ


லாஸ் பால்மித்தாஸ்
மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

பொட்டலம் வந்து ஒரு வாரம் பரணில் கிடந்தது. மனசு வரவில்லை. பக்கத்துப் பட்டி சொக்கோரோ அக்காவும் பயமுறுத்தினாள். "கழுகக் கொன்னா மழ வராதுடி." "இப்ப மட்டும் கொட்டோ கொட்டுனு கொட்டுதாக்கும்" என்றேன்.

முந்தாநாள் நான் மடியில் வைத்து வளர்த்த கிடாய்க்குட்டியைத் தூக்கிவிட்டது. ஆத்திரம் தாங்காமல் நீ சொன்னபடியே செய்தேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். பாறை வெறுமையாகக் கிடந்தது. இனிமேலாவது குட்டிகள் பிழைக்கட்டும்.

அப்பாவைப் பற்றி மறுபடியும் கேட்கிறேன். அவருக்கும் வயதாகிறது, கொஞ்சம் யோசி.

உன் தங்கை
நிக்காசியா


லாஸ் பால்மித்தாஸ்
மார்ச் 8

எவாரிஸ்தோ,

கழுகு சாகவில்லை. அப்பா இறந்துவிட்டார்.

சொக்கோரோ அக்காதான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். உடம்பு வில்லாக வளைந்து விறைத்துக் கிடந்தார். அடுப்பில் மிளகாய் போட்ட கறிச்சட்டி. கூரைக் கம்பில் குட்டித் தோல்கள், நான் பாறையில் வைத்தவை அத்தனையும். இருட்டில் உரித்திருப்பார், என் தையல் அவர் கண்ணில் படவில்லை. கழுகின் பங்கை இந்தக் குட்டிக்காலம் முழுக்க அவர்தான் எடுத்துத் தின்றிருக்கிறார். பாறையில் ஒன்றும் கிடைக்காமல்தான் கழுகு பட்டிக்கு வந்திருக்கிறது. அவருக்குக் கேட்க வெட்கம். எனக்கு உன் பணம் நின்றுவிடுமோ என்ற பயம்.

"பாவி மனுசன் எங்கிட்ட ஒரு வாய் ரொட்டி கேட்டிருக்கக் கூடாதா?" என்று அக்கா அழுதாள். விஷம் வைத்தது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள்.

உயிரோடு படியேறக்கூடாது என்றாய். பிணமாகத்தான் ஏற்றினோம். அம்மா பக்கத்திலேயே புதைத்தாயிற்று. வைத்தது என் கை. அண்ணன் சொன்னான் என்று யாரிடமும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் இனி உன் சொல்லும் வேண்டாம், உன் பணமும் வேண்டாம். கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

நேற்று ஒரு பெட்டைக்குட்டி செத்துப் பிறந்தது. வழக்கம்போலப் பாறையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கழுகு என் கண்ணெதிரே இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இன்று முழுக்க அது பட்டிப் பக்கமே வரவில்லை.

நிக்காசியா