எஞ்சின் அறையில் மீன் பார்த்துக் கைதட்டினார்கள்

என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்ட ஐயாவுக்கு,

உங்கள் மகள் பரமேஸ்வரி எழுதுகிறேன். எனக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கனடாவில், மோர்னிங்சைட் பக்கம், முதியோர் கட்டடமொன்றின் ஆறாம் மாடியில் இருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்களைப் பற்றிய செய்தி கிடைத்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அருவருப்பு.

எங்கள் கட்டடத்துப் பொது அறையில் ஒரு வெள்ளைக்காரர் பேச வந்தார். மூழ்கிய கப்பல்களுக்குள் நீந்திப் போய்ப் படம் எடுப்பவர். கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலில், யுத்த காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலொன்று இந்து சமுத்திரத்தில் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பலின் பெயர் இருந்தது. நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் தலைப்பில் இருந்த அதே பெயர். நான் முதல் வரிசையில் போய் இருந்தேன்.

மனிதர் உற்சாகமாகப் பேசினார். டோர்பிடோ நேராக எஞ்சின் அறையில் பட்டதாம், குறி பார்த்து அடித்த விதம் அழகாம். அழகு என்றுதான் சொன்னார், ஐயா. பிறகு அந்த அறையைத் திரையில் காட்டினார். துருப்பிடித்த குழாய்களுக்குள்ளால் மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்தன. எங்கள் சனம் கைதட்டியது. நீங்கள் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு வேலை செய்த இடம் அது.

கப்பலிலிருந்து எடுத்து வந்த எனாமல் கோப்பை ஒன்றையும் எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்தார். என்னிடம் வந்ததும் நான் விடவில்லை. முதியோர் சங்கத் தலைவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அன்ரி, உந்தக் கோப்பையைக் கொஞ்சம் இஞ்சால தாங்கோ, ஒரு படம் எடுக்க வேணும்." கொடுத்தேன். அதை உதட்டில் வைத்துக் குடிப்பதுபோலப் பாவனை காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

முடிவில் பேச வந்தவர் இறந்தவர்களின் பட்டியலைத் திரையில் போட்டார். கப்டன், அதிகாரிகள், பீரங்கிக்காரர்கள், எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். இன்னொரு பக்கம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அதில் ஆசியத் தொழிலாளர்கள்தான், கூட்டங்களில் காட்டினால் சனத்துக்கு அலுத்துவிடும் என்றார். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பதினோராவது வரியில் நீங்கள் இருந்தீர்கள். உங்கள் பெயர், ஊர், வயது இருபத்தேழு, எஞ்சின் அறை, கப்பலோடு மூழ்கியவர். எத்தனை வருடமாக இந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்?

உங்களுக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. கப்பல் மூழ்கிய பிறகு உங்கள் தம்பி கொழும்புக்குப் போய் விசாரித்து வந்ததாகச் சொன்னார். நீங்கள் முன்னமே பம்பாயில் இறங்கிவிட்டீர்களாம், அங்கே ஒருத்தியோடு குடித்தனமாம். உண்மையிலேயே விசாரித்தாரா? எதற்காக அப்படிச் சொன்னார்? அம்மா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒருநாள் திரும்பி வருவீர்கள் என்று, என் கலியாண அழைப்பிதழில் உங்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட விடவில்லை. பெண்ணின் தகப்பன் எங்கே என்று வந்தவர்கள் தங்களுக்குள் கேட்டுச் சிரித்தார்கள். உங்கள் இடத்தில் நின்று என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தவரும் அதே சித்தப்பாதான்.

நானும் சித்தப்பாவைத்தான் நம்பினேன், ஐயா. அம்மா சாகக் கிடந்தபோது, "பம்பாய்க்காரனை நினைச்சு அழாதையணை" என்று சொன்னது இந்த வாய். அந்த வெள்ளைக்காரரையும் தலைவரையும் விட எனக்கு இப்போது என் வாய்தான் அருவருப்பாக இருக்கிறது.

அன்று, நீங்கள் என் தகப்பன் என்று சொன்னதும் அந்த வெள்ளைக்காரர் கண் கலங்கிப்போனார். கோப்பையை எனக்கே தரப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடச் சொல்லிவிட்டு, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் உங்கள் பேரன் ரவிக்கு ரெலிபோன் எடுத்து, உங்களுக்கு மரண அறிவித்தல் போட வேண்டும் என்றேன். இங்கே நம்மவர் ஒருவர் செத்தால் பத்திரிகையிலும் வானொலியிலும் போடுவது வழக்கம்.

"எண்பது வருசத்துக்குப் பிறகோ, அம்மா? ஆர் பாக்கப் போகினம்?"

"சித்தப்பாவின்ர கதையைக் கேட்டுச் சிரிச்சவையின்ர பிள்ளையள் பாதிப் பேர் இஞ்சதான் இருக்கினம். அவை பாக்கட்டும்."

அடுத்த நாள் ரவி வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினான். பிறப்பிடம் பருத்தித்துறை. வதிவிடம் என்ற இடத்தில் இந்து சமுத்திரம் என்று கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், 'அன்புக் கணவர்' என்று வரும். வானொலியில் அந்த இடத்தை ஆறுதலாக வாசிக்கச் சொல்லுவேன். அவசரமாக வாசித்தால் திரும்பவும் வாசிக்க வைப்பேன். இது சத்தியம், ஐயா.

இனி ஒருவரையும் பம்பாய்க்காரன் மகள் என்று சொல்ல விடாத,
உங்கள் ஒரே பிள்ளை,
பரமேஸ்வரி