கால்மாட்டில் வைத்த பை

பையைத் திறந்தவுடன் கடல் வாசனை வந்தது. நான் இருப்பது அமிர்தசரஸில். கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. பை தைத்த பாய்மரத் துணியின் பழைய வாசனை எனக்குத் தெரியும், இது அது அல்ல. இப்போதுதான் கரையேறிய வாசனை. குருத்வாரா சத்திரத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறோம். பக்கத்தில் இருந்த சர்தார்ஜி மூக்கைச் சுளித்து என் பையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான். இரண்டு விரலை நீட்டி, இரண்டு பேரா என்று சைகையில் கேட்டார். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவர் நம்பாதவர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுத் தன் போர்வையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இன்னொரு ஆளுக்கு இடம் விடுவதுபோல.

உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது. நாளைக்குப் பாகிஸ்தான் பார்டர். அதற்குள் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அது முடியாது.

பை தைத்தது உனக்கு நினைவிருக்கும். நீ கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாய். நான் காலேஜை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டுச் சாரம் பகுதியில் எங்கள் வீட்டோடு கிடந்தேன். அப்பா மில்லிலிருந்து வந்து என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிடப் பழகியிருந்தார். உன் லாட்ஜில் வெள்ளைக்காரப் பையன்கள் வந்து தங்குவார்கள். இஸ்தான்புல்லில் பஸ் ஏறி, தெஹ்ரான், காபூல், லாகூர் என்று தரைவழியாகவே நம் ஊர் வரைக்கும் வந்தவர்கள். அவர்கள் நடந்த ரோட்டில் நாம் நடந்தால் ரோடு வேண்டாம் என்றா சொல்லும் என்று கேட்டது நீ. அவர்களில் ஒரு பிரெஞ்சுக்காரன் தன் முதுகுப் பையை நம்மிடம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். பள்ளிக்கூடப் பையை விடக் கனம் குறைவு. "லெஜே," என்றான். கனமில்லாதது என்று நீ எனக்கு அர்த்தம் சொன்னாய். அன்றிலிருந்து அந்த வார்த்தை நமக்குச் சாமி மாதிரி.

அவனுடையது போன்ற பை வாங்க நம்மால் முடியாது. உன் மாமன் தன் கட்டுமரத்தில் கட்டிக் கிழிந்துபோன பாய்த்துணியைக் கொடுத்தார். ஸ்கூல் பை தைக்கும் டெய்லர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வெட்டினார். ஒரே துணியில் இரண்டு பை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தைத்தவருக்கே எது யாருடையது என்று தெரியவில்லை.

அப்புறம் நடை. சாரத்திலிருந்து தேங்காய்த்திட்டு வரைக்கும் முழுப் பையோடு நடப்போம். வழியில் எதை நினைத்துத் திட்டினோமோ, வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். உன் சட்டம் அது. முதலில் போனது என் ஷூ. அடுத்தது போர்வை. லுங்கியே போர்வை, லுங்கியே துண்டு என்றாய். சோப்பைப் பாதியாக அறுத்தாய், டூத் பிரஷ்ஷின் காம்பை வெட்டினாய். டம்ளர் ஒன்று போதும், மாற்றி மாற்றிக் குடிக்கலாம் என்று உன்னுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் விட்டாய். மீன் ஏலத்தில் நின்ற பெண்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சும்மா தூக்கிக்கினு சுத்தறீங்களே, எங் கூடையைத் தூக்குனா இன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நீ அவள் கூடையை நிஜமாகவே ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாய்.

எல்லாம் கழித்து முடித்த அன்று, பையை ஒற்றை விரலில் தொங்கவிட்டு உன் அம்மாவிடம் காட்டினாய். அவள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா. லெஜே."

"ஒண்ணும் எடுத்துக்காம போறவன் ஒருத்தன்தான்டா. பாடையில போறவன்."

நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கல் உப்பை ஒரு துணியில் முடிந்து, கண்ணு படாமல் இருக்க உன் பையின் அடியில் வைத்துத் தைத்தாள். அது கனம் என்று நீ சண்டை போட்டாய். அந்த ஒரு சண்டையில் மட்டும் நீ தோற்றாய்.

ரயில் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்றாள். அதற்கு ஒரு வழியும் அவளே சொன்னாள். முன்னாடியே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பரஸ்தானம் என்பார்கள். பை போய்விட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் புறப்படலாம், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் போதும். பை மட்டும் மறுபடி சொந்த வீட்டுக்குள் வரக் கூடாது. உன் பை எங்கள் வீட்டுக்கு, என் பை உங்கள் வீட்டுக்கு என்று முடிவானது. அதற்கு முந்தின புதன்கிழமை காலையில் உங்கள் குருசுக்குப்பத்து மணலில் நின்று மாற்றிக்கொண்டோம். என் பையை உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, "முடிஞ்சிதுடா. நாம போயிட்டோம்," என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் டிக்கெட் எடுக்க மெட்ராஸ் போனேன். சனிக்கிழமை உன் மாமனுக்குக் கட்டுமரத்தில் ஓர் ஆள் குறைந்தது. கடைசியாக ஒருதரம் என்று நீ ஏறினாயாம். திரும்பும்போது கரையோர அலையில் மரம் புரண்டு உன் தலையில் அடித்தது. கல்யாணம் ஆகாதவன் என்று எரிக்காமல், அன்று மாலையே புதைத்துவிட்டார்கள். நான் மறுநாள் மதியம் இரண்டு டிக்கெட்டோடு வந்து இறங்கினேன்.

உன் தங்கைதான் வாசலில் நிறுத்திச் சொன்னாள். அழுது முடித்த குரல்.

"பையையும் கூடவே வெச்சிட்டாங்கண்ணா. மாமாதான் எடுத்துக்கினு போனாரு. ஊரெல்லாம் சுத்தணும்னு ஆசப்பட்டானே, அதான் கால்மாட்டுல."

கதவுக்குப் பின்னால் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

சுடுகாட்டுக்குப் போன ஆண்களுக்கும் உன் தங்கைக்கும் நாம் பை மாற்றின விஷயம் தெரியாது. தெரிந்த உன் அம்மா நினைவில்லாமல் கிடந்தாள். உங்கள் வீட்டில் தொங்கியது உன் பைதான் என்று எடுத்துப் போய்விட்டார்கள். என் நீலக் கட்டம் போட்ட சட்டை, என் லுங்கி, நம் ஒற்றை டம்ளர், எல்லாம் மண்ணுக்கடியில் உன் கால்மாட்டில். சொன்னால் தோண்டியா எடுக்கப் போகிறார்கள்? தங்கையிடம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "எப்ப வந்தே?" என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். முடிவெட்டுகிறவர் கேட்டார். பஸ் கண்டக்டர் கேட்டார். ஒருவர், வெயிலில் சுற்றி ரொம்பக் கறுத்துவிட்டேன் என்றார். எங்கள் அம்மா சோறு போடும்போது என் தட்டை எடுக்க மறந்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். "ஐய, நீ இருக்கியா? ஊருக்குப் போயிட்டன்னே நெனச்சிட்டேன்டா," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய் எடுத்து வந்தாள். மறுபடியும் மறந்தாள். கடைசியில் சிரிப்பதையும் விட்டுவிட்டாள். நானே போய்த் தட்டை எடுத்துக்கொள்ளப் பழகினேன். அப்பா என் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். கோபத்தில் இல்லை. ஆள் இல்லாத பாய்க்கு ஏன் தரையில் இடம் என்று. தெரு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன.

கணக்குப்படி எல்லாம் சரி. என் பை போய்விட்டது, அதனால் நானும் போய்விட்டேன். உன் பை மட்டும் பாதி வழியில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டும். உப்பு கசிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் நான் படுக்க மாட்டேன்.

ஒரு வருஷம் போல இப்படி ஓடியது. இனிமேல் இங்கே இருந்தால் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவேன் என்று பயம் வந்தது. ஒருநாள் காலையில் உன் பையை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். உள்ளே போகவில்லை. பை வீட்டுக்குள் வரக் கூடாதே. உன் அம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தவள் கையை நேராக அடியில் கொண்டுபோய் உப்பு முடிச்சைத் தொட்டாள். அது குழைந்து ஈரமாக இருந்தது.

"இது அவனுது."

"ஆமாம்மா."

"அப்ப அவங்கூடப் போனது?"

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் பை இல்லாததைப் பார்த்து, நான் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாக இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். கால்மாட்டில் பை வைத்ததை உன் தங்கை சொல்லியிருக்கிறாள். ஆனால் அது உன் அம்மாவின் புத்தியில் ஏறவில்லை.

எங்கள் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சொல்லாதே, பெற்றவள் தாங்க மாட்டாள் என்றாள். பிறகு என் பையில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சட்டை என்ன நிறம் என்று கேட்டாள். எல்லாரும் என்னை எப்போது வந்தாய் என்று கேட்பதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவன் உஞ் சட்டையப் போட்டுக்கினு, இது நம்மளுது இல்லியே, இவன் எங்கன்னு உன்னத் தேடிக்கினு இருப்பான். அவன் கெட்டவன் இல்லடா. ஆனா கூப்புடுவான்."

"நான் இன்னாம்மா பண்றது?"

உன் பையைத் திறந்து உன் வெள்ளைச் சட்டையை எடுத்து என் மேலேயே மாட்டிவிட்டாள். பொத்தானையும் அவளே போட்டாள்.

"உன் துணி ஒண்ணும் எடுத்துக்காத. இத்தப் போட்டுக்க, இத்த எடுத்துக்கினு போ. அவன் பை அவன் ஆசப்பட்ட வழியில போவட்டும். பின்னால இருந்து உன் பேரச் சொல்லி யாரு கூப்ட்டாலும் திரும்பாத. நாங் கூப்ட்டாலும்."

பையை மாட்டினேன். துடுப்புப் போட்டுச் சாய்ந்த உன் தோளுக்காக இடது வாரில் நீ முடிச்சுப் போட்டிருக்கிறாய். நானும் சாய்ந்துதான் நடக்க முடிந்தது. உன் தங்கை எட்டிப் பார்த்து "அண்ணா" என்றாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூப்பிட்டது என்னை இல்லை.

மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட உன் அம்மாதான் வந்தாள். நல்ல வெயில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி, ஜாக்கிரதையாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு என்றாள். நான் சரிம்மா என்றேன். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் மாதிரி ஏதோ வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது. பஸ் நகர்ந்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். சத்தமாக இல்லை. தேங்காய்த்திட்டு ரோட்டில் மூச்சு வாங்கும்போது, கொஞ்சம் நில்லுடா என்பதற்குப் பதிலாக நீ என் பெயரை இழுப்பாயே, அப்படி. நான் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரின் முதுகையே பார்த்தேன். கழுத்து நோகும் வரைக்கும் பார்த்தேன். மறுபடி டில்லி ஸ்டேஷனில், தண்ணீர்க் குழாய் வரிசையில் கேட்டது. அங்கே என் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. அப்போதும் நான் திரும்பவில்லை.

உன் அம்மா ஒன்றை யோசிக்கவில்லை. இங்கே தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான், பார்டரில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்காரச் சொல்வார்களாம். முத்திரை குத்தியதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். என் பாஸ்போர்ட்டில் இருப்பது என் பெயர்தான். கூப்பிட்டால் எழுந்து போகாதவன் இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பயந்து வீட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே எனக்குத் தட்டும் இல்லை, பாயும் இல்லை.

அதனால் நாளைக்கு என் பெயர் காதில் விழுந்தால் திரும்பப் போகிறேன். யார் கூப்பிட்டது என்று பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது, திரும்பிய பிறகுதான் தெரியும். அதிகாரியாக இருந்தால் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நடப்பேன். நீயாக இருந்தால், இப்படிப் பின்னால் நின்று பெயரை இழுத்துக்கொண்டிருக்காதே. முன்னால் வா. வந்து பையில் ஏறிக்கொள். அதில் பாதிக்கு மேல் காலி, நான் என்னுடையது எதையும் சேர்க்கவில்லை. நீ எவ்வளவு கனம் இருந்தாலும் பரவாயில்லை. தூக்குவது நான்தான், நடந்துவிடுவேன்.